இதயத்துக்குள் ஒரு கட்டி: இன்னும் எத்தனை ஸ்கேன் எடுப்பது?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. ஐந்தாறு மாதமாகக் குனிந்து நிமிர்ந்தால் மூச்சு வாங்குகிறது. இடது பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை என்கிறார். மாலையில் லேசான காய்ச்சல் வந்து வந்து போகிறது. எடை 4 கிலோ குறைந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர். (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் அளவு) அதிகம், ரத்தசோகையும் இருக்கிறது. எக்கோ எடுத்ததில், "இடது மேலறையில் 3.4 × 2.6 செ.மீ. கட்டி, இடைச்சுவரிலிருந்து காம்புடன் தொங்குகிறது, அசைகிறது, மிக்ஸோமாவா, ரத்த உறைவா?" என்று எழுதியிருக்கிறார்கள். ஈ.சி.ஜி.யில் துடிப்பு சீராக இருக்கிறது.

ஒரு மருத்துவர், உணவுக்குழாய் வழியாக ஒரு எக்கோ எடுத்துவிட்டு அறுவை சிகிச்சைக்குத் தயாராகச் சொல்கிறார். இன்னொருவர் இதய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். உறவினர் ஒருவரோ பெட் ஸ்கேன் பார்க்காமல் கத்தி வைக்க விடாதே என்கிறார். ஒரு பயாப்சி எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடாதா? இது புற்றுநோயா? இணையத்தில் தேடினால் ரேப்டோமயோமா, ஃபைப்ரோமா, ஆஞ்சியோசார்க்கோமா என்று ஏதேதோ வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது. ரத்தக்கட்டியாக இருந்தால் மாத்திரையில் கரையாதா? எனக்கும் தம்பிக்கும் இது வருமா? அம்மாவிடம் 'கட்டி' என்ற சொல்லை இன்னும் சொல்லவில்லை. அதுவரை அவர் எந்தப் பக்கம் படுக்கலாம் என்றாவது சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் நின்று மறுபடி படித்தேன். ஒன்று, அம்மாவுக்கு இடது பக்கம் படுக்க முடியவில்லை என்கிற வரி. இன்னொன்று, அறிக்கையில் உள்ள 'இடைச்சுவரிலிருந்து காம்புடன்' என்கிற சொற்கள். நான் படத்தைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. ஆகவே நோய்க்குப் பெயர் வைப்பது என் வேலையாகாது. ஆனால் இப்படி ஒரு அறிக்கை மேசைக்கு வரும்போது எங்கள் மனதில் என்ன ஓடுகிறது, எந்தப் படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை விளக்க முடியும்.

முதலில் புற்றுநோய் பயம். இதயத்தில் காணப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை உடலின் வேறிடத்துப் புற்றிலிருந்து வந்து ஒட்டியவை. இதயத்திலேயே பிறக்கும் கட்டிகள் மிக அரிது. அவற்றில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு தீங்கற்றவை, அதாவது புற்று அல்லாதவை. பெரியவர்களிடம் அந்தத் தீங்கற்ற கூட்டத்தில் அதிகம் காணப்படுவது மிக்ஸோமா. அது இருக்க விரும்பும் இடமும் ஏறக்குறைய தெரிந்ததுதான்: நான்கில் மூன்று மிக்ஸோமாக்கள் இடது மேலறையில், இரண்டு மேலறைகளுக்கும் நடுவே உள்ள சுவரிலிருந்து தொங்கும். அந்தச் சுவரில் ஒரு சிறு பள்ளம் உண்டு. நாம் கருவில் இருந்தபோது ரத்தம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகத் திறந்திருந்த வாசல் அது. பிறந்த பிறகு மூடிக்கொண்டு தழும்பாக நிற்கிறது. மிக்ஸோமாவின் காம்பு பெரும்பாலும் அந்தத் தழும்பின் ஓரத்தில்தான் ஊன்றியிருக்கும். நடுவயது, பெண், இடது மேலறை, காம்பு. இத்தனையும் ஒன்றாகச் சேரும்போது ஸ்கேன் செய்பவரின் பேனா 'மிக்ஸோமா' என்றுதான் முதலில் எழுதும். உங்கள் அறிக்கையும் அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறது.

அடுத்து, அசைவு. காம்பில் தொங்கும் கட்டி சும்மா இருப்பதில்லை. மேலறையிலிருந்து கீழறைக்கு ரத்தம் இறங்கும் ஒவ்வொரு முறையும் அதுவும் மைட்ரல் வால்வின் வாயை நோக்கிச் சரியும். இதயம் சுருங்கும்போது திரும்ப மேலே போகும். பெரிய கட்டியானால் வாசலிலேயே உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்த கணங்களில் ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கி மூச்சு வாங்கும், சிலருக்குத் தலைசுற்றும், மயக்கமும் வரும். உடலைச் சாய்க்கும் விதத்துக்கு ஏற்ப இது கூடுவதும் குறைவதும் உண்டு. அம்மா சொன்னது மிகைப்பேச்சு அல்ல. கட்டி நகரும் இடத்தை அவர் உடல் கணக்காகச் சொல்லியிருக்கிறது.

காய்ச்சல், எடைக்குறைவு, ஈ.எஸ்.ஆர்., ரத்தசோகை ஆகியவை உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கும். ஆனால் மிக்ஸோமா தீங்கற்றதாக இருந்தும் இன்டர்லூக்கின்-6 என்ற ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. உடல் முழுக்க ஏதோ தொற்று நடப்பதுபோன்ற நாடகம் அதனால்தான். காசநோயோ மூட்டுவாத வகை நோயோ என்று மாதக்கணக்கில் தேடிவிட்டு, கடைசியில் ஒரு எக்கோவில் விடை கிடைத்தவர்கள் உண்டு. கட்டியை எடுத்ததும் இந்தத் தொல்லைகள் பொதுவாக அடங்கிவிடும்.

இவ்வளவையும் உயிரோடு இருப்பவரிடமே பார்க்க முடிவது புதிய வசதி. 1559இல் இத்தாலிய உடற்கூறு அறிஞர் ரியால்டோ கொலம்போ இதயக் கட்டியைப் பற்றி எழுதினார். இறந்த உடலைத் திறந்து பார்த்து. அதன் பிறகு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் இது பிரேதப் பரிசோதனையின் நோயாகவே இருந்தது. ஸ்டெதாஸ்கோப்பில் மைட்ரல் வால்வு சுருங்கியதுபோலவே கேட்கும். வால்வைச் சரிசெய்ய மார்பைத் திறந்த அறுவை மருத்துவர் உள்ளே கட்டியைக் கண்டு திகைத்த கதைகள் பழைய மருத்துவ ஏடுகளில் கிடைக்கும். சுவீடனில் கிளாரன்ஸ் கிராஃபோர்டு 1954இல் இதய-நுரையீரல் கருவியின் உதவியோடு இடது மேலறை மிக்ஸோமா ஒன்றை வெற்றிகரமாக அகற்றினார். அதே நாட்டில் அதற்கு முந்தைய ஆண்டுதான் இதய மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் கப்பல் தளங்களில் உலோக விரிசல் பார்க்கப் பயன்பட்ட மீயொலிக் கருவியை ஒரு மனித இதயத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். 1959இல் ஜெர்மனியில் எஃபர்ட்டும் டோமானிக்கும் மேலறைக் கட்டியை எக்கோவிலேயே கண்டறிந்து எழுதினார்கள். திரையில் அன்று தெரிந்தது வெறும் கோடுகள். அந்தக் கோடுகளே போதுமானதாக இருந்தன என்பதை, எத்தனை ஸ்கேன் என்று விவாதிக்கும்போது நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இப்போது உங்கள் அறிக்கையின் கேள்விக்குறிக்கு வருவோம். தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது: புதிதாக வளரும் சதையையும் கட்டி என்கிறோம், உறைந்த ரத்தத்தையும் கட்டி என்கிறோம். எக்கோ திரைக்கும் இதே சங்கடம்தான். இரண்டும் சாம்பல் நிற உருண்டைகளாகவே தெரியும். வேறுபாட்டைச் சூழ்நிலையிலிருந்துதான் பிடிக்க வேண்டும். ரத்தம் உறைய அது தேங்கி நிற்க வேண்டும். மேலறை ஒழுங்கில்லாமல் படபடத்துத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருங்கிப்போன மைட்ரல் வால்வு, வீங்கிப் பெருத்த மேலறை ஆகியவை இருந்தால் உறைவை நினைப்போம். அது வழக்கமாக மேலறையின் ஓரத்தில் காது மடல்போல நீண்டிருக்கும் பைக்குள் பதுங்கும், அல்லது பின்சுவரில் அகலமாக ஒட்டியிருக்கும். காம்பு கட்டி நடுச்சுவரிலிருந்து ஊஞ்சலாடுவது உறைவின் வழக்கம் அல்ல. சீரான துடிப்பு உள்ள உங்கள் அம்மாவுக்கு உறைவு வரவே வராது என்று சொல்லமாட்டேன். ஆனால் தராசு எந்தப் பக்கம் தாழ்கிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மாத்திரைக் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. உறைவுதான் என்று நம்பக் காரணம் இருந்தால், உறைவு எதிர்ப்பு மருந்தைச் சில வாரங்கள் கொடுத்து மறுபடி எக்கோ பார்ப்பது நாங்கள் செய்யும் முறையே. கரைந்தால் அது உறைவு. மிக்ஸோமா அப்படிக் கரையாது. அதன் மேற்பரப்பு கூழ்போன்றது. அதிலிருந்து உடைந்து மூளைக்கோ கைகால் ரத்தக்குழாய்க்கோ போகும் துணுக்கு பெரும்பாலும் கட்டியின் துணுக்கேதான். மருந்தை நம்பி அதைத் தடுத்துவிட முடியாது. இடது மேலறையில் ஊஞ்சலாடும் கட்டியை வைத்துக்கொண்டு 'மாத்திரை கொடுத்துப் பார்ப்போம்' என்று மாதங்களைக் கடத்துவதை நான் விரும்பமாட்டேன்.

உணவுக்குழாய் வழி எக்கோ ஏன்? மார்பின் மேல் கருவியை வைத்துப் பார்க்கும்போது நடுவில் விலா எலும்பும் நுரையீரல் காற்றும் குறுக்கே நிற்கின்றன. இடது மேலறையோ இதயத்தின் பின்புறம் இருக்கிறது. உணவுக்குழாய் அந்த மேலறையின் முதுகை உரசிக்கொண்டு இறங்குகிறது. அங்கிருந்து பார்த்தால் காம்பு எங்கே ஊன்றியிருக்கிறது, வால்வின் இதழைத் தொடுகிறதா, காது மடல் பையில் வேறு ஏதாவது இருக்கிறதா, வலது மேலறையில் இரண்டாவது கட்டி இருக்கிறதா என்பதெல்லாம் தெளிவாகும். சில மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். தொண்டையை மரக்கவைத்து, மயக்க ஊசி லேசாகப் போட்டுச் செய்வார்கள். சுகமான பரிசோதனை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அறுவை மருத்துவர் எந்தச் சுவரைத் திறப்பது, எவ்வளவு வெட்டுவது என்று முடிவெடுப்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான். உங்கள் அம்மாவின் நிலையில் நான் முதலில் கேட்கும் படம் இதுவே.

எம்.ஆர்.ஐ.யின் பலம் வேறு. அது இடத்தைக் காட்டுவதோடு நிற்காமல் பொருளையும் காட்டும். ஒரு வகைப் படத்தில் நீர்ச்சத்து மிக்க திசு பளிச்சிடும். கூழ்த்தன்மையுள்ள மிக்ஸோமா அங்கே வெளிச்சமாகத் தெரியும். கொழுப்பை மட்டும் அணைத்துவிடும் ஒரு உத்தி உண்டு. அதைப் போட்டதும் வெண்மையாக இருந்த கட்டி சட்டென்று கருத்துவிட்டால் அது லிப்போமா, வெறும் கொழுப்புக் கட்டி. பிறகு கைச் சிரையில், படத்தில் வெளிச்சமாகத் தெரியும் கடோலினியம் மருந்தைச் செலுத்திவிட்டு, அது முதன்முறை இதயத்தைக் கடக்கும்போதே படமெடுப்பார்கள். ரத்தக்குழாய் உள்ள கட்டிக்குள் மருந்து நுழையும். உறைவுக்குள் குழாய் இல்லாததால் அது கரியாகவே நிற்கும். பத்து நிமிடம் கழித்து மீண்டும் பார்த்தாலும் உறைவு கரியாகவே இருக்கும், மிக்ஸோமா திட்டுத் திட்டாக வெளுத்திருக்கும், நார்த்திசுவான ஃபைப்ரோமா பால்போல் வெளுத்துவிடும். மிக்ஸோமாவா, உறைவா என்ற கேள்விக்கு வெட்டாமல் கிடைக்கக்கூடிய நல்ல பதில் இது. ஆகவே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னவரும் தவறாகச் சொல்லவில்லை. பழைய உறைவின் ஓரம் சிறிது மருந்தை உறிஞ்சுவதும், மிக்ஸோமாவின் மேலேயே புது உறைவு படிவதும் உண்டு என்பதால் அந்தப் பதிலும் சில நேரம் கலங்கலாகத்தான் வரும்.

எம்.ஆர்.ஐ. என்றாலே எக்கோவைவிட உயர்ந்தது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இதயத்தில் அது எப்போதும் உண்மை இல்லை. எம்.ஆர்.ஐ. ஒரு படத்தைப் பல துடிப்புகளிலிருந்து சேர்த்துத் தைக்கிறது. துடிப்புக்குத் துடிப்பு இடம் மாறும் சின்னப் பொருள் அந்தத் தையலில் காணாமல் போய்விடும். வால்வு இதழில் முளைக்கும் பாப்பிலரி ஃபைப்ரோஎலாஸ்டோமா இதற்கு நல்ல உதாரணம். பெரும்பாலும் 1.5 செ.மீ.க்கும் குறைவு, கடல் சாமந்திபோல விரல் விரலாக இழைகள் கொண்டது. விலையுயர்ந்த எம்.ஆர்.ஐ. அதைத் தவறவிடும்; உணவுக்குழாய் எக்கோ பிடித்துவிடும். மூச்சை அடக்க முடியாதவருக்கும், துடிப்பு ஒழுங்கில்லாதவருக்கும் எம்.ஆர்.ஐ. படம் கலங்கும். சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்குக் கடோலினியம் கொடுக்குமுன் யோசிக்க வேண்டும்.

சி.டி. யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, ஆனால் நான் கேட்பேன். காரணம் கட்டி அல்ல. 54 வயதில் இதயத்தைத் திறக்கப் போகிறோம் என்றால் இதயத்தசைக்கே ரத்தம் தரும் கரோனரி ரத்தக்குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். சி.டி. ஆஞ்சியோ அதைக் குழாய் செருகாமலே காட்டிவிடும். கட்டியில் சுண்ணாம்பும் கொழுப்பும் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே சொல்லும்.

பெட் ஸ்கேனைக் கேட்கும் உறவினர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் திசுவை மின்னவைத்துக் காட்டும் படம் அது. புற்று என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கும்போது அது பயன்படும்: கட்டி அகலமாகச் சுவருக்குள் ஊடுருவியிருந்தால், வலது பக்கம் இருந்தால், பல கட்டிகள் இருந்தால், இதய உறையில் நீர் கோத்திருந்தால், அல்லது உடலில் வேறு புற்று ஏற்கெனவே இருந்தால். உங்கள் அறிக்கையில் இவை எதுவும் இல்லை. காரணமில்லாமல் எடுத்தால் அது புதுக் குழப்பத்தையும் கொண்டுவரும். மேலறை இடைச்சுவரில் இயல்பாகவே கொழுப்பு தடித்துக்கிடக்கும் சிலருக்கு, அது பெட் ஸ்கேனில் புற்றுபோல மின்னும். உண்மையில் ஒன்றும் செய்யத் தேவையில்லாத சங்கதி அது.

சொல்லப்போனால், இதயப் படங்களில் எங்களை அதிகம் ஏமாற்றுவது கட்டிகள் அல்ல, கட்டி வேடம் போடும் இயல்பான உறுப்புகள். காது மடல் பைக்கும் நுரையீரல் சிரைக்கும் நடுவே ஒரு வரப்பு எல்லோருக்கும் உண்டு. அந்தக் காலத்தில் அதை உறைவு என்று நினைத்து, ஒரு தவறும் செய்யாதவர்களுக்கு வார்ஃபரின் என்ற உறைவு எதிர்ப்பு மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மருந்தின் வணிகப் பெயராலேயே அதைக் 'கூமடின் வரப்பு' என்று இன்றுவரை கேலியாக அழைக்கிறோம். இரைப்பை உதரவிதானத்தைத் தாண்டி மேலே ஏறி மேலறையின் பின்னால் அமுக்கினாலும் எக்கோவில் பெரிய கட்டிபோலவே இருக்கும். நோயாளியைச் சோடா குடிக்கச் சொன்னால் 'கட்டிக்குள்' குமிழிகள் பொங்கும், விஷயம் முடிந்தது. மைட்ரல் வால்வின் வளையத்தில் படியும் சுண்ணாம்பு சிலருக்கு நடுவில் பற்பசைபோல இளகி உருண்டையாகத் தெரியும். அதைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் கூட்டை சி.டி. ஒரே பார்வையில் காட்டிவிடும். அதனால்தான் மார்பு எக்கோவோடு நிறுத்தாமல் குறைந்தது இன்னொரு கோணத்திலாவது பார்த்துவிடுகிறோம்.

நீங்கள் இணையத்தில் பார்த்த பெயர்களைச் சுருக்கமாக ஒதுக்கிவிடலாம். ரேப்டோமயோமா குழந்தைகளின் கட்டி. கருவிலேயே எக்கோவில் தெரியும், டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸ் என்ற மரபு நோயோடு சேர்ந்து வரும், பிறந்தபின் பெரும்பாலும் தானே சுருங்கும். ஃபைப்ரோமாவும் முக்கியமாகக் குழந்தைகளுடையது. கீழறைத் தசைக்குள் புதைந்திருக்கும். ஆஞ்சியோசார்க்கோமா புற்றுநோய்தான், ஆனால் அது விரும்பும் இடம் வலது மேலறை. காம்பில் தொங்காது, சுவரைத் தின்று பரவும்.

பயாப்சி கேள்வி நியாயமானது. மார்பகத்திலோ கழுத்திலோ என்றால் அதைத்தான் முதலில் செய்வோம். ஆனால் இடது மேலறையில் கூழ்போன்ற கட்டியை ஊசியாலோ இடுக்கியாலோ தொட்டால், உதிரும் துணுக்கு நேராக மூளைக்குப் போகக்கூடும். மிக்ஸோமா என்று முடிவு வந்தாலும் எடுக்கத்தான் வேண்டும், வேறு ஏதாவது என்றாலும் அந்த இடத்தில் ஆடும் கட்டியை எடுக்கத்தான் வேண்டும். முடிவை மாற்றாத சோதனைக்காக அந்த ஆபத்தை ஏற்பதில்லை. அறுவை சிகிச்சையே இங்கே பயாப்சி. எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்து எழுதும் பேத்தாலஜி அறிக்கைதான் கடைசிப் பெயர். அதை மறக்காமல் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வலது பக்கக் கட்டியில் புற்றுச் சந்தேகம் பலமாக இருந்தால் சிரை வழியாகப் பயாப்சி எடுப்பதும் உண்டு. அது உங்கள் அம்மாவின் கதை அல்ல.

ஆக, என்னிடம் கேட்டால்: உணவுக்குழாய் எக்கோவை இந்த வாரமே எடுங்கள். காம்பு அந்தத் தழும்பில்தான் ஊன்றியிருக்கிறது, தோற்றமும் அதற்குப் பொருந்துகிறது என்று வந்தால், சி.டி.யில் கரோனரியைப் பார்த்துவிட்டு அறுவை சிகிச்சைக்குப் போகலாம். எம்.ஆர்.ஐ. அந்த எக்கோவிலும் சந்தேகம் மிஞ்சினால். இரண்டு மூன்று நாளில் கிடைக்கிறது, அறுவைத் தேதி தள்ளிப்போகாது என்றால் எடுத்துக்கொள்வதிலும் தவறில்லை. அதற்காக மூன்று வாரம் வரிசையில் காத்திருப்பதுதான் தவறு. யார் எந்த ஸ்கேன் எழுதினாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதன் முடிவு இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் பதில் ஒன்றே என்றால் அந்த ஸ்கேனை விட்டுவிடலாம். இன்னொரு மருத்துவரிடம் போகும்போது அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். எக்கோவின் ஓடும் படங்களைக் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். ஆடும் கட்டியை அசையாத படத்தில் வைத்து யாராலும் நியாயமாகக் கருத்துச் சொல்ல முடியாது.

உங்களுக்கும் தம்பிக்கும் வருமா? மிகப் பெரும்பாலும் இது குடும்ப நோய் அல்ல. கார்னி தொகுப்பு என்ற மரபுக் கோளாற்றில் மட்டும் மிக்ஸோமா குடும்பத்தில் ஓடும். அதில் கட்டி இளவயதிலேயே வரும், ஒன்றுக்கு மேல் இருக்கும், வழக்கமில்லாத அறைகளில் இருக்கும், எடுத்த பின்னும் திரும்பத் திரும்ப வரும். உதட்டிலும் கண்ணிமையிலும் புள்ளிப் புள்ளியாகக் கரும்பழுப்பு மச்சங்கள், நாளமில்லாச் சுரப்பிக் கோளாறுகள் ஆகியவை துணைக்கு இருக்கும். அம்மாவிடம் இவை இல்லையென்றால் நீங்கள் இருவரும் நிம்மதியாக இருக்கலாம். மனம் கேட்கவில்லை என்றால் ஆளுக்கொரு சாதாரண எக்கோ. கதிர்வீச்சு இல்லாத சோதனை. அம்மாவுக்கு மட்டும் அறுவைக்குப் பிறகு சில ஆண்டுகள் ஆண்டுக்கொரு எக்கோ தேவை. தனித்து வரும் மிக்ஸோமா திரும்புவது நூற்றில் ஓரிருவருக்கு அல்லது மூவருக்குத்தான், என்றாலும் பார்த்துக்கொள்வது நல்லது.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். குழாயை விழுங்கப் போகிறவரும், ஒப்புதல் கையெழுத்துப் போடப் போகிறவரும் அவர்தான். 'கட்டி' என்ற சொல் பயமாக இருந்தால், 'மேலறையில் ஒரு சதை வளர்ந்து வால்வின் வாசலை அடைக்கிறது, அதை எடுத்துவிட்டால் மூச்சுத்திணறல் போய்விடும்' என்று சொல்லலாம். பொய்யும் இல்லை.

அதுவரை அவர் எந்தப் பக்கம் மூச்சு எளிதாக வருகிறதோ அந்தப் பக்கம் படுக்கட்டும். தலைப்பக்கம் இரண்டு தலையணை வைத்து உயர்த்திக்கொண்டால் இன்னும் நல்லது. இடது பக்கம் சாய வேண்டாம் என்று அவர் உடல் சொன்னதைக் கேட்டு நடக்கட்டும். சட்டென்று குனிந்து எழுவது, கனமான வேலை இரண்டும் வேண்டாம். முகம் கோணுதல், பேச்சு குழறுதல், ஒரு கையோ காலோ திடீரென்று மரத்துக் குளிர்ந்து வலித்தல், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் தேதிக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், முதல் வார்த்தையாக 'இடது மேலறையில் கட்டி இருக்கிறது' என்று சொல்லுங்கள். எக்கோ படங்கள் அன்று கையில் இருக்கட்டும்.